நிர்வாகத் தரப்புத் தங்கை

சென்னை,
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இளமதி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீ, மச்சான், ஹரிணி, ஆத்தா எல்லோரும் சுகம்தானே? ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. போன மாதம் போனில் சண்டை போட்டோமே, அதில் நீ சொன்னது பாதி எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது பாதி உனக்குக் கேட்டிருக்காது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. ஒருத்தி முடிக்கும்வரை மற்றவள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் என் வேலையைப் பற்றிய பேச்சை இனி காகிதத்தில் வைத்துக்கொள்வோம். ஆத்தாவின் மருந்தும் ஹரிணியின் மார்க்கும் வழக்கம்போல மச்சான் போனில்.

"மொதலாளிக்கு வக்காலத்து வாங்கவா ஒன்னய வக்கீலுக்குப் படிக்க வச்சோம்?" என்று கேட்டது மட்டும் நன்றாகக் கேட்டது. ஆமாம், அதற்குத்தான். எங்கள் அலுவலகத்தில் தொழிலாளர் வழக்குகளுக்கு மட்டும் ஒரு முழு மாடி. எல்லா வழக்கிலும் நாங்கள் நிர்வாகத் தரப்பு. தொழிலாளி தரப்பில் ஒரு நாளும் நின்றதில்லை, நிற்கவும் மாட்டோம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர், மாசமாக இருக்கும் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்ப வழி கேட்டு வந்தார். எங்கள் பிரிவுத் தலைமை ஷர்லி மேடம், "தாராளமா அனுப்புங்க. ஆனா அதுக்கப்புறம் எங்ககிட்ட வராதீங்க" என்றார். அந்தப் பெண் இன்னும் வேலையில் இருக்கிறாள். தனக்கு இப்படி ஒன்று நடக்க இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

எல்லா நாளும் இப்படி இருக்காது. சில நாள் நாங்கள் ஜெயிப்பது எனக்கே பிடிக்காது. ஆனாலும் இந்த வேலையில் நான் கெட்டிக்காரி, அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. செப்டம்பரில் சீனியர் பதவி தருவார்கள் போலிருக்கிறது. ஒரு பெரிய குழுமத்தின் வேலை முழுவதும் என் கைக்கு வரப்போகிறது. வந்ததும் ஆத்தாவை இங்கே கூட்டி வந்து முழங்காலைக் காட்டுவோம்.

உன் தங்கை,
இளமதி


கறம்பக்குடி,
14 மார்ச் 2025

நிர்வாகத் தரப்புத் தங்கைக்கு,

தொழிலாளித் தரப்பு அக்கா பிரகதீஸ்வரி எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் எல்லோரும் நலம். ஆத்தா முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய்தான் வரவர நன்றாகிக்கொண்டே போகிறது.

உன் கடிதத்தை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "மொதலாளிய வைய வேண்டியதத்தான் காசு வாங்கிக்கிட்டு வையிறாளா? நல்ல வேலதான்" என்றாள். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சமாதானம் ஆகவில்லை. அந்த மருந்துக் கம்பெனிப் பெண் கதை நன்றாக இருக்கிறது. நீங்கள் ஜெயித்துப் பிடிக்காமல் போன கதை ஒன்றையும் எழுதியிருக்கலாம்.

என் கதையைக் கேள். கந்தர்வக்கோட்டை சாலையில் எங்கள் தையல் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். அரவிந்த்குமார் என்று பேர். தமிழ்தான், ஆனால் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார். நம் ஊர்த் திருவிழாவுக்கு வரும் இருபத்து மூன்றாம் தேதி காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் யாரும் ராத்திரி எல்லை தாண்டித் தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். தேர் நிலைக்கு வரும்வரை, ராத்திரியிலும் ஓடும் இரண்டாம் ஷிப்டு எங்களுக்கு ஆகாது. பழைய மேனேஜர் இருந்தவரை அந்த நாட்களில் எங்களைப் பகல் ஷிப்டில் போட்டுவிடுவார். அதற்கு ஈடாக முன்னாடியே சில ஞாயிற்றுக்கிழமை வந்து தைத்துக் கொடுத்துவிடுவோம். எத்தனையோ வருஷமாக இதுதான் வழக்கம்.

இந்த வருஷமும் ஞாயிறுகளில் தைத்துக் கொடுத்துவிட்டோம். நேற்று நானும் பக்கத்து மிஷின் செல்வராணியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், திருவிழா நோட்டீஸ் வைத்துப் புது மேனேஜரிடம் கொடுத்து, "காப்புக் கட்டுனதுலேர்ந்து ராத்திரி நாங்க இருக்க மாட்டோம் சார்" என்று சொன்னோம். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வெற்றிலையைக் கிள்ளி வாயிலும் போட்டுக்கொண்டார். வெற்றிலை வாங்கின பிறகு வேறு பேச்சு ஏது?

திருவிழாவுக்கு நீதான் வரமாட்டாய். உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிவிடுகிறேன்.

அன்புடன்,
பிரகதீஸ்வரி


சென்னை,
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இன்று காப்புக் கட்டு என்பது காலையில் எழுந்ததுமே ஞாபகம் வந்தது. இங்கே யாரிடம் சொல்ல? ஞாயிறானாலும் அலுவலகம், கூட ஷர்லி மேடம் மட்டும். அவருக்கு அடுத்த மாதம் ஈஸ்டர். இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டோம்.

நான் பிடிக்காமல் ஜெயித்த கதையை நேரில்தான் சொல்வேன். இப்போது அவசரமாக ஒன்று. மேனேஜரிடம் எழுத்தில் வாங்கினீர்களா? வெற்றிலை போட்டால் வாய் சிவக்கும், பைலில் ஒன்றும் ஏறாது. பழைய மேனேஜருக்கு நம் ஊர் வழக்கம் தெரியும். பெங்களூர்க்காரருக்கு அது வெறும் மரியாதை. ஷிப்டு மாற்றிய உத்தரவு கையில் இல்லாமல் யாரும் எழுந்து வராதீர்கள். நாளைக்கே போய் ஒரு வரி எழுதி வாங்கிவிடு.

உன் தங்கை,
இளமதி


கறம்பக்குடி,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள இளமதிக்கு,

எல்லோரும் உடம்புக்கு நலம். மனசுக்குத்தான் இல்லை.

உன் கடிதம் காரியம் கெட்ட பிறகுதான் வந்தது. காப்புக் கட்டின மறுநாள் எங்கள் பேரை இரண்டாம் ஷிப்டிலேயே போட்டிருந்தார்கள். பிசகாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தோம். பொழுது சாய்ந்ததும் மிஷினை நிறுத்தி, துணியை மடித்து வைத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டோம். யாரும் கோஷம் போடவில்லை. "தேருக்கு வாங்க சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். அன்றைக்குக் கப்பலுக்குப் போக வேண்டிய சட்டைகள் நின்றுபோனதாம்.

மறுநாள் கேட்டில் எங்களை நிறுத்திவிட்டார்கள். சட்டவிரோத வேலைநிறுத்தமாம். எல்லோரும் சஸ்பெண்டு. விளக்கம் கேட்டார்கள், கோயில் திருவிழா என்று எழுதிக் கொடுத்தோம். இப்போது மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவர்களே டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்தது எங்கள் குற்றம் என்று கையெழுத்துப் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் புது ஆளாகத்தான். பழைய சர்வீஸ் எல்லாம் போய்விடும்.

செல்வராணி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழுகிறாள். "நீ போட்டா நானும் போடுறேன்க்கா" என்கிறாள். எல்லோருமே அப்படித்தான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போட்டால் அத்தனை பேரும் போட்டுவிடுவார்கள். நீ இந்தச் சட்டத்திலேயே புரளுகிறவள். போடலாமா, கூடாதா? ஒரு வார்த்தை எழுது. காத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரகதீஸ்வரி


சென்னை,
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டியிருப்பாய். திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் கம்பெனி உங்கள் வழக்கோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. ஷர்லி மேடம்தான் நடத்துகிறார். தெரிந்த அன்றே அவர் அறைக்குப் போய், அதில் என் அக்கா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அந்த வழக்கில் எனக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை. இங்கே அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசமாட்டார்கள். நானும் அதைப் பற்றி உன்னிடம் பேசமாட்டேன். நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன். இதற்கு முன்னால் நீ எழுதிய எதையும் இங்கே யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

உங்களுக்கு ஒரு ஆள் வேண்டும். வக்கீலோ, சங்கத்துக்காரரோ, உங்களுக்காக மட்டும் யோசிக்கிற ஆள். அது நான் இல்லை. உடனே தேடு.

ஆத்தாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்த பிறகு காற்றில் உட்கார விடாதே. தோட்டத்தில் இந்த வருஷம் முந்திரி எப்படி?

உன் தங்கை,
இளமதி


கறம்பக்குடி,
11 மே 2025

இளமதிக்கு,

முந்திரி நன்றாக இருக்கிறது. ஆத்தா நன்றாக இருக்கிறாள். தைலம் வந்தது. நீ விசாரித்ததற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று.

நான் விசாரித்ததற்குத்தான் பதில் இல்லை. வீட்டில் நெருப்புப் பிடித்திருக்கிறது, நீ முந்திரியை விசாரிக்கிறாய். உன்னைப் படிக்க வைக்க நான் பத்தாவதோடு நின்றேன் என்று ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்லிக்காட்டுகிறேன். ஒரு வார்த்தை கேட்டேன். போடு என்றோ போடாதே என்றோ ஒரு வார்த்தை. அதை எழுத உன் பேனாவில் மை இல்லையா?

கம்பெனி விஷயத்தைத் தனியாக இரண்டாம் தாளில் எழுதியிருக்கிறேன். மனசு இருந்தால் படி. இல்லையென்றால் உன் அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொடு.

பிரகதீஸ்வரி


சென்னை,
20 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டாம் தாளை நான் படிக்கவில்லை. மடிப்புகூடப் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

நீ என்னைப் படிக்க வைத்தது எனக்கு மறக்காது. அதற்கு மேல் இதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கு ஜன்னல் ஓரமாக இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். அந்தச் சீனியர் பதவி இந்த வருஷம் இல்லை. அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம். ஆத்தாவிடம் மட்டும் பக்குவமாகச் சொல், எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பாள். ஹரிணிக்கு என் முத்தம்.

உன் தங்கை,
இளமதி


சென்னை,
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மச்சானுக்குப் போன் செய்தால், "அவ வயக்காட்டுப் பக்கம் போயிருக்கா" என்கிறார். எப்போது கேட்டாலும் வயக்காட்டுப் பக்கம்தான். இந்த ஆனி வெயிலில் அங்கே அப்படி என்ன விளைகிறது என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடு. கோபம் வந்தால் நீ சாப்பிடமாட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

உன் தங்கை,
இளமதி


கறம்பக்குடி,
17 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை இளமதிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

வியாழக்கிழமை விஷயம் முடிந்தது. இனி இதை நீ படிக்கலாம் என்று ஷர்லி மேடமே சொன்னார்கள், அதனால் இரண்டாம் தாள் எல்லாம் இல்லை, ஒரே தாளில் எழுதுகிறேன்.

நீ ஆளைத் தேடு என்று எழுதியதும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தேடினேன். தஞ்சாவூர் பக்கம் சங்கத்தில் ஆவுடையப்பன் என்று ஒருவர் கிடைத்தார். "யாரும் கையெழுத்துப் போடாதீங்க. போட்டா குத்தம் செஞ்சதா ஆயிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார். மூன்று தடவை பேச்சு நடந்தது. சமரசப் பேச்சில் வக்கீல்கள் பேசக் கூடாதாமே, அதனால் ஷர்லி மேடம் ஒவ்வொரு தடவையும் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மேனேஜர் மட்டும்.

மூன்றாவது தடவை அதிகாரி சலிப்போடு, "அனுமதி வாங்காம எல்லாரும் எந்திரிச்சு வந்தா எப்படிம்மா?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "அனுமதி வாங்கலன்னு யார் சொன்னா? வெத்தல பாக்கு வச்சுக் கேட்டோம், இந்தா ஒக்காந்திருக்காருல்ல, இவருதான் வாங்கிக்கிட்டாரு" என்றேன். ஆவுடையப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத ஏன்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார். சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை இளமதி. விளக்கக் கடிதத்திலும் எழுதவில்லை. வெற்றிலை வாங்கினவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டோம். தெரிந்துகொண்டே மறுக்கிறார் என்றுதான் இத்தனை மாதமும் அவரை மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "வாங்கினேன் சார். கோயிலுக்குக் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். ராத்திரி இருக்க மாட்டோம்னு சொன்னாங்க, நான் சரின்னு தலையாட்டினேன். வெத்தல வாங்கினா ஒத்துக்கிட்டதா அர்த்தம்னு எனக்குத் தெரியாது" என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். பிறகு எழுந்து வராந்தாவுக்கு ஓடினார். கதவு திறந்துதான் கிடந்தது. ஷர்லி மேடம் கேட்டது எங்களுக்கே காதில் விழுந்தது. "தலையாட்டினீங்களா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்கள். அவர் ஆமாம் என்றார். "அப்ப இத இன்னிக்கே முடிச்சிடுங்க. கோர்ட்டுல இதையே சொல்லப்போறீங்க, பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்கள்.

பொழுது சாய்வதற்குள் எழுதிக் கையெழுத்து ஆகிவிட்டது. எல்லோருக்கும் வேலை, பழைய சர்வீஸோடு. மன்னிப்புக் கடிதம் கிடையாது. காப்புக் கட்டு முதல் தேர் வரை பகல் ஷிப்டு என்று அதிலேயே எழுதி வாங்கியிருக்கிறோம். நீ சொன்னபடி எழுத்தில். செல்வராணி அங்கேயே அதிகாரி மேஜைக்கு முன்னால் நின்று அழுதாள்.

கிளம்பும்போது ஷர்லி மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். "மூணு தடவையும் ஒங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மொகம் அப்படியே இளமதி" என்றார்கள். வெற்றிலை விஷயத்தை நீதான் அவர்களிடம் சொல்லிவிட்டாய் என்று நினைத்துக் கேட்டேன். "அவளுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மார்ச்சிலேயே நான் உனக்கு எழுதியதைச் சொன்னதும் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தாங்களும் உட்கார்ந்தார்கள்.

பிறகு அவர்கள்தான் சொன்னார்கள். உன் கைக்கு வர இருந்த குழுமம் எங்கள் கம்பெனியுடையதாம். என் பேர் இருந்ததால் அந்த வேலை முழுவதையும் உன்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதோடு பதவியும் போயிருக்கிறது. உன் அலுவலகத்திலேயே இன்னொருவர், "ஒங்க அக்கா கையெழுத்துப் போட்டா ஒரே வாரத்துல பிரச்சன முடியும், எல்லாம் ஒங்கிட்டயே திரும்பி வரும், ஒரு போன் போடேன்" என்று உன்னிடம் சொன்னாராமே. நீ எழுந்து வெளியே போய்விட்டாயாம்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஜன்னல் ஓரம் இடம், நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதினாயே. நான் உன் படிப்பைச் சொல்லிக்காட்டிய அன்றைக்காவது இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? இத்தனை மாதமாக உன்னை என்னென்னவோ நினைத்துவிட்டேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை?

அன்புடன்,
அக்கா


சென்னை,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்தே படித்தேன். முடித்ததும் ஷர்லி மேடம் அறைக்குப் போய்ச் சும்மா நின்றேன். "ஒங்க அக்கா எங்ககூட வேலைக்கு வருவாங்களா? உள்ள அவங்க பேசினது வராந்தா வரைக்கும் கேட்டுச்சு" என்றார். வரமாட்டாள், அவள் எதிர்த்தரப்பு என்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வழக்கு என்னிடம் இருந்திருந்தால் உன் கடிதத்தை வெளியே எடுக்காமலே உன்னை எதிர்த்து முழு மூச்சாக நடத்தியிருப்பேன், ஜெயித்தும் இருப்பேன். நீங்கள் கொடுத்த விளக்கக் கடிதம் அவ்வளவு மோசமாகத்தான் இருந்திருக்கும், பார்க்காமலே சொல்கிறேன். தள்ளி நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. வெற்றிலை வாங்கியதை மேனேஜருக்கு ஞாபகப்படுத்து என்று உனக்கு எழுத ஒவ்வொரு நாளும் கை துறுதுறுத்தது. எழுதியிருந்தால் என்னை நம்பி எந்த மனிதனும் ஒரு காகிதம் கொடுக்கக் கூடாது. எழுதாமல் இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது, பல நாள் தூக்கம் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன் என்ற அந்த வரியில் பொய் சொன்னேன்.

பதவி அடுத்த வருஷம் வரும். வராவிட்டால் சண்டை போட்டு வாங்குவேன். நம் வீட்டில் அதற்கா பஞ்சம்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்லியிருந்தால் அன்றைக்கே நீ கையெழுத்துப் போட்டிருப்பாய் அக்கா. அதனால்தான்.

உன் தங்கை,
இளமதி


கறம்பக்குடி,
1 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். இன்றோடு ஒரு வாரமாக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

நீ எழுதிய கடைசி வரியை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை, போட்டிருக்கமாட்டேன் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யாக வந்தது, கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போட்டிருப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் போட்டிருப்பேன். எனக்குப் பின்னால் செல்வராணியும் மற்ற எல்லோரும் வரிசையாக வந்து போட்டிருப்பார்கள், எதற்காகப் போடுகிறோம் என்றுகூடத் தெரியாமல்.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி